மேலே ஒரு வரி

பிப்ரவரி 3

கடவுள் துணை

தங்கச்சிக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. கோபம் அடங்கட்டும், போடுகிறேன்.

உன் சீட்டு கிடைத்தது. தையலக்கா அதைத் தைத்த ரவிக்கை இருந்த பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, "கை இறுக்கமா இருக்கான்னு உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க" என்று கண்ணைக் காட்டினாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீயும் பாப்பாவும் பத்திரமாக இருக்கிறீர்கள் என்ற வரிக்கு மேல் கண் போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, "பாத்துட்டேங்க்கா" என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

இனி என் வழக்கைக் கேள். வெள்ளிக்கிழமை நான் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறாய். திரும்பி வந்தால் கீழ்வீடு திறந்து கிடக்கிறது. காய்ச்சிய பால் ஆடை கட்டிக் கிடக்கிறது. பாப்பாவின் ஒற்றைச் செருப்பு மாடிப்படி அடியில். ஒரு காலில் செருப்போடு குழந்தையை எங்கே இழுத்துக்கொண்டு போனாய்? உன் புருஷன் படியில் உட்கார்ந்திருந்தார். "எங்க அண்ணி ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். என் முகத்தைப் பார்த்தே நம்பிவிட்டார்.

நம் இருவரையும் பிரிக்கக் கூடாது என்றுதானே அப்பா ஒரே வீட்டில் அண்ணனுக்கு என்னையும் தம்பிக்கு உன்னையும் கொடுத்தார்? மாடியில் நான், கீழே நீ. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்தத் தூரத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா உனக்கு?

உன் மாமா தம்பியைக் கூப்பிட்டு சாமி அலமாரி முன் நிறுத்தினார். இனி கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். நானும் பக்கத்தில் நின்றேன். அழுதார் உன் புருஷன். மரியாதையாகக் கூட்டி வருவோம், நடந்தது வெளியே தெரிய வேண்டாம் என்கிறார் மாமா. வந்துவிடு.

தையல்கடை முகவரிக்கே பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

நீ திட்டிய பிறகுதான் உயிர் வந்தது. இங்கே எல்லாரும் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள், நோயாளியின் கட்டிலருகே பேசுவதுபோல. நீ ஒருத்திதான் பழையபடி பேசுகிறாய்.

இங்கே சில விதிகள் உண்டு. ஊர், தெரு, ஆள், பள்ளிக்கூடம் என்று எதன் பெயரையும் எழுதக் கூடாது. இந்த விடுதியை நடத்தும் ஆபீஸம்மாவின் உத்தரவு. தபால் பெட்டி எண் மட்டும்தான். போனை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதையும் வாங்கி வைத்துவிட்டார்கள். நீ படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? உனக்குப் பொய் வராது, அக்கா. சின்ன வயதில் நான் உடைத்த ஜாடியைப் பற்றி அம்மா கேட்டபோதும் நீ என்னைத்தான் காட்டினாய். தெரியாது என்று நீ சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினேன். அந்த ஒரு சத்தியமாவது பலித்ததே.

அவருடைய சத்தியத்தைப் பற்றிக் கேட்காதே. சாமி படத்தைத் தொட்ட கையும் அதே கைதான். அன்று காலையில் அது என் கழுத்தில் இருந்தது. பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. தன் பொம்மையின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை.

செருப்பு விஷயம்: தேட நேரமில்லை, தூக்கிக்கொண்டே பஸ் ஏறினேன். இங்கே புதிதாக ஒரு ஜோடி கொடுத்தார்கள். ஆனாலும் பழைய ஒற்றையைத் தலையணை அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். "இதோட ஜோடி பெரியம்மாகிட்ட இருக்கு" என்கிறாள்.

நீ கொடுத்துவைத்தவள், அக்கா. மாமா குரலை உயர்த்திக்கூட நான் கேட்டதில்லை. பிரார்த்தனைக் கூட்டத்தையே முன்னால் நின்று நடத்துகிற மனிதர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் எப்படி இப்படி?

ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கடிதப் போக்குவரத்து அவர்களுக்குத் தெரிந்து, உன்னை மிரட்டி எழுத வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஆபீஸம்மா. "கால்வலி அதிகமாக இருக்கிறது" என்று நீ எழுதினால், அது நீயாக எழுதியது இல்லை என்று நான் புரிந்துகொள்வேன். சரியா?

மேலே நான் ஒன்றும் எழுதவில்லை என்று வருத்தப்படாதே. எனக்கும் கடவுளுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

உன் தங்கச்சி


பிப்ரவரி 20

கடவுள் துணை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அன்புள்ள என்று போட்டுவிட்டேன், பார்த்தாயா.

பொம்மை கழுத்து பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு, வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. மாமாவிடமும் இனி அந்தப் பேச்சை நான் எடுக்கப்போவதில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அது எரிவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆனால் கால்வலி என்று எழுத மாட்டேன். எனக்குக் கால்வலி இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுதச் சொல்கிற ஆபீஸம்மாவிடம் சொல், இங்கே ஒருத்தி மிகவும் பிடிவாதக்காரி என்று. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

வேறு ஒன்று யோசித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீதியெல்லாம் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. முதன்முதலில் எழுதிப் பழகிய வரி இந்த மேல்வரிதான். மளிகைச் சீட்டு, பால் கணக்கு, சலவைக்குப் போட்ட துணியின் கணக்கு, எதுவானாலும் இதை மேலே எழுதாமல் என் கை கீழே இறங்கியதில்லை. உனக்கே தெரியும்.

யாராவது பக்கத்தில் நின்று எழுத வைத்தால், அந்த வரியை எழுதமாட்டேன். பொய் சொல்வதுதான் பாவம். எழுதாமல் விடுவது பொய்யில் சேராது. மேலே அந்த வரி இல்லாமல் என் பெயரில் என்ன வந்தாலும், அதில் ஒரு வார்த்தையையும் நம்பாதே.

பாப்பாவின் செருப்பைத் துடைத்து என் துணி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஜோடி சேர்ந்துவிடும் என்று சொல்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

ஆபீஸம்மாவுக்கு நம் மொழி தெரியாது, உன் யோசனையை இந்தப் பக்கத்து மொழியில் அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.  "உங்கள் அக்காவை நான் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார்.

இங்கே ஐந்து பெண்களுக்கு ஓர் அடுப்பு. சண்டை போட மாமியார் தேவையே இல்லை. உப்புக்கும் பாத்திரத்துக்குமே போதும் போதும் என்றாகிவிடுகிறது. பாப்பா பரவாயில்லை. பொம்மையின் கழுத்தில் என் கைக்குட்டையைக் கட்டி, "இதுக்கு வலி போயிடுச்சு" என்றாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அவள் உனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறாள். தன் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, நடுவில் பெரியம்மா என்று எழுதியிருக்கிறாள். அவளாக எழுதிய முதல் வார்த்தை அது. எனக்குக் கிடைக்காத மரியாதை.

இப்போது வேலை விஷயம். நம் பெண்களுக்காக ஆபீஸில் ஒரு நோட்டீஸ் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கட்டுக்கட்டாக அப்படியே கிடக்கிறது, எடுக்க ஆள் இல்லை. மேலே கண் வீங்கிய ஒரு பெண்ணின் படம். கீழே சிவப்பு எழுத்தில், "நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளானவரா? மௌனத்தை உடைத்து உடனே வெளியேறுங்கள்!" நம் மொழிதான். ஆனால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளைப் படிப்பதுபோல் இருக்கிறது. எங்களையே திருத்தித் தரச் சொல்கிறார் ஆபீஸம்மா. என்னால் முடியவில்லை. நானே ஓடிவந்தவள், எனக்கு எல்லாம் கோபமாகத்தான் வருகிறது. வீட்டுக்குள் இருக்கிற பெண் எதைக் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள்? உன் கூட்டத்தில் எத்தனை பெண்களைப் பார்க்கிறாய். அவர்களை நினைத்துக்கொண்டு சொல்லேன்.

தங்கச்சி


மார்ச் 19

கடவுள் துணை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாப்பாவின் கை வந்தது. என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். 

நோட்டீஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கென்ன தெரியும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதே நினைப்பு. தோன்றியதை எழுதுகிறேன். சரியில்லாததைத் தள்ளிவிடு.

வன்முறை என்று போடாதே. வன்முறை என்றால் தெருவில் பஸ்ஸைக் கொளுத்துவது என்றுதான் நினைப்போம். அது நம் வீட்டுக்குள் நடக்கிறது என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றாது. "வீட்டுல பயமா இருக்கா?" என்று கேள். அது போதும்.

கண் வீங்கிய படத்தை எடுத்துவிடு. அந்தப் படம் போட்ட தாளை எந்தப் பெண்ணும் நாலு பேர் பார்க்கக் கையில் எடுக்க மாட்டாள். அதோடு, விவரம் தெரிந்தவர்கள் முகத்தில் அடிப்பதில்லை. புடவை மூடுகிற இடமாகப் பார்த்துத்தான் அடிப்பார்கள். முகம் நன்றாக இருக்கிற பெண் அந்தப் படத்தைப் பார்த்து, இது எனக்கில்லை என்று போய்விடுவாள்.

உடனே வெளியேறு என்கிறது நோட்டீஸ். எங்கே போவாள்? "நீங்க எங்கயும் போக வேண்டாம், யாரையும் காட்டிக்குடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் உக்காந்து பேசலாம்" என்று போடு. கடவுளுக்காகப் பொறுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லாதே, அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. கடவுளை விட்டுவிட்டு வா என்றும் சொல்லாதே. அவளிடம் மிச்சமிருப்பது அது ஒன்றாகவும் இருக்கலாம்.

படுக்கையறையில் நடப்பதை நேராகக் கேட்டால் எழுந்து போய்விடுவாள். "ராத்திரி தூங்க விடறாங்களா?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்பவள் மற்றதையும் சொல்லுவாள்.

மொழிபெயர்க்க நம் ஆட்களில் யாரையும் கூப்பிடக் கூடாது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பார்க்கப்போகிற முகத்தின் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். போனில் முகம் தெரியாத வெளியூர்ப் பெண்ணின் குரல் என்றால் பரவாயில்லை.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லாதே. கைப்பையைத் துழாவுவார்கள். டாக்டரிடம் போனாலும் கூடவே உள்ளே வந்து அவர்களே பதில் சொல்வார்கள். அவர்களை உள்ளே விடாத இடம் எக்ஸ்ரே அறை ஒன்றுதான். கதவைச் சாத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்வார்கள். எதிர்ச் சுவரில் பார்க்க ஒன்றுமே இருக்காது. அங்கே ஒட்டினால் படிப்பாள்.

இவ்வளவுதான். சாம்பார்ப் பாத்திரம் அடிபிடித்துவிட்டது உன்னால்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

நீ எழுதியதை ஆபீஸம்மாவுக்கு வரிவரியாகச் சொன்னேன். உன் வார்த்தைகளை அப்படியே அச்சடிக்கப் போகிறார்கள். நம் ஊர் உட்பட எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புவார்களாம், எக்ஸ்ரே அறைக்கென்றே. எழுதியவர் யார் என்று போடமாட்டார்கள்.

சொல்லி முடித்துவிட்டு அறைக்கு வந்து மறுபடி படித்தேன்.

அக்கா, எக்ஸ்ரே அறையின் எதிர்ச் சுவர் உனக்கு எப்படித் தெரியும்? ஒரு முறைதானே போனாய், படியில் வழுக்கி மணிக்கட்டு பிசகியபோது? ஒரு முறை போனவளுக்குச் சுவரில் ஒன்றும் இல்லாதது ஞாபகம் இருக்காது. உன் கைப்பையைத் துழாவுவது யார்? புடவை மூடுகிற இடம் என்று யாரைப் பார்த்துக் கற்றாய்?

கீழ்வீட்டில் இருந்தேன் நான். உன் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. பாட்டுச் சத்தம்தான் கேட்டிருக்கிறேன். சில சாயங்காலங்களில் மாமா திடீரென்று பக்திப் பாட்டை வீடு அதிரும்படி வைப்பார். "பெரியவருக்கு பக்தி வந்துடுச்சு டோய்" என்று நான் பாப்பாவிடம் கேலி செய்வேன். நாங்கள் இருவரும் கீழே அதற்குத் தாளம் போட்டிருக்கிறோம், அக்கா. தாளம் போட்டிருக்கிறோம்.

கொடுத்துவைத்தவள் என்று வேறு உனக்கு எழுதினேன். மேலே அந்த வரியை விடாமல் எழுதுகிறாயே, எந்தத் துணை வந்தது உனக்கு?

வந்துவிடு. தையலக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லு, மீதியை இங்கே பார்த்துக்கொள்வார்கள்.


ஏப்ரல் 5

கடவுள் துணை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கேட்டதையெல்லாம் படித்தேன். இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆமாம் என்று எழுதினால் அதன் பிறகு இந்த வீட்டில் எப்படிச் சமைப்பேன்?

என் மகனுக்குக் கடைசிப் பரீட்சை நடக்கிறது. அவன் படிக்கிற விடுதியிலிருந்து வரட்டும். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எதுவும் செய்ய எனக்கு மனம் வராது. அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம்.

தாளம் போட்டதற்கு அழாதே. கீழே பாப்பா சிரிக்கிற சத்தம் பாட்டையும் மீறி மாடிக்கு வரும். அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் கடிதங்கள் எல்லாம் அடுப்பில் போயின. பாப்பாவின் கையை மட்டும் போட முடியவில்லை. என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். திட்டாதே.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். எனக்குச் சில நாட்களாக உடல்நிலை சரியில்லை. எழுந்து நடமாட முடியவில்லை. உன்னையும் பாப்பாவையும் பார்த்தால் தேறிவிடுவேன் என்று தோன்றுகிறது. உன் கணவர் முற்றிலும் மாறிவிட்டார். தினமும் பிரார்த்தனையில் உட்காருகிறார். பழையதை யாரும் பேசப்போவதில்லை. நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பாப்பாவுடன் பஸ் ஏறி வா. எந்த பஸ் என்று எழுதினால் மாமாவே வந்து அழைத்துக்கொள்வார். பெரியவர்கள் சொல்லைத் தட்டாதே.

இப்படிக்கு,
உன் அக்கா


ஏப்ரல் 27

கடவுள் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு சரியில்லை என்று படித்ததும் துடித்துப்போனேன். எனக்கும் இங்கே அலுத்துவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல், தணிந்ததும் கிளம்பி வருகிறோம். எந்த பஸ் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை உன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாமாவைக் கேட்டுக்கொண்டதாகச் சொல். அவர் சொல்லைத் தட்ட மாட்டேன்.

கடவுள் உன்னோடு இருப்பார்.

தங்கை


மே 19

கடவுள் துணை

என் தங்கச்சிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன், அதுவும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

நான் எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாதாம். உன் விதி இப்போது எனக்கும்.

என்னை எழுத வைத்த அன்று மாமா தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தவர், என் பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்தார். அவருக்கென்று தனிப் புத்தகம் உண்டு, என்னுடையதை ஒருநாளும் தொட்டதில்லை. பாப்பாவின் கை கீழே விழுந்தது. அந்தத் தாளின் பின்பக்கம் தபால் பெட்டி எண் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. உன் புருஷனைக் கீழேயிருந்து கூப்பிட்டார். ஜன்னலோரம் அவர் நிற்க, மாமா நடந்துகொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நலமறிய ஆவல் என்று நான் எப்போதாவது உனக்கு எழுதியிருக்கிறேனா? மேல்வரியை விட்டுவிட்டு ஆரம்பித்தேன்.  அவர் வாங்கி நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் ஒரு வார்த்தையைத் திருத்தச் சொன்னார். மடித்து உறையில் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதும் எதிலும் மேலே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

உன் பதில் வந்தபோது, "வர்றாடா" என்று தம்பியிடம் சிரித்துவிட்டு மேசையில் போட்டார். காபி வைக்கப் போனவள் தலைப்பை மட்டும் பார்த்தேன். கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாதவளின் கையெழுத்தில் அந்த வரி. புரிந்துகொண்டாய் என்று தெரிந்தது. சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

பிறகு போலீஸ் வந்தது. உன் ஆபீஸம்மா சொல்லித்தான் வந்திருப்பார்கள். பாவம், நல்ல எண்ணம்தான். ஆனால் மொழி தெரியாமல் தெருமுனை மளிகைக்கடைக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மாமாவின் பக்கத்து நாற்காலிக்காரர். "என்னம்மா, பெரியவர் வீட்டுக்குப் போலீசு வருது, கலிகாலம்! ஏதாவது பிரச்சினைன்னா சொல்லும்மா" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டார். மாமா எனக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

கால்வலி என்று எழுத மாட்டேன் என்று உன்னிடம் பிடிவாதம் பிடித்தவள் நான். கேட்டவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர்கள் போனதும் கதவு சாத்தப்பட்டது. பாட்டு வைக்கப்பட்டது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், படியில் விழுந்துவிட்டாள் என்று அவரே சொன்னார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு சின்னப் பெண், சைகையால் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கையைப் பலகையில் வைத்துவிட்டு, அசையாமல் இரு என்று காட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன்.

எதிர்ச் சுவரில் இருந்தது. பெரிய எழுத்தில், நம் எழுத்தில். வீட்டுல பயமா இருக்கா? நீங்க எங்கயும் போக வேண்டாம். யாரையும் காட்டிக்குடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் உக்காந்து பேசலாம்.

அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே நான் உனக்காக யோசித்த வார்த்தைகள். வேறு யாரோ ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்பதுபோல் இருந்தது. யார் இவள், என்னை இவ்வளவு தெரிந்தவள் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன்.

படம் எடுத்து முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. நல்ல கையை நீட்டி அந்தத் தாளைக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு நம் மொழி தெரியாது. ஆனால் கதவை உள்ளே தாழிட்டாள். சுவரிலிருந்த போனை எடுத்து, அந்தத் தாளின் அடியிலிருந்த எண்ணை அழுத்தி என் காதில் வைத்தாள். வலது காதில் வைத்தாள், அதில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். எங்கோ இருக்கிற ஒரு பெண்ணின் குரல், நம் பேச்சு.

"பேரு வேண்டாம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ராத்திரி தூங்க விடறாங்களா?"

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். கல்யாணமானதிலிருந்து அதைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை. பிறகு வேறு கதவு வழியாகக் கூட்டிப்போனார்கள். அவர் எவ்வளவு நேரம் வாசலில் நின்றாரோ, தெரியாது.

வலது காது திரும்பாது என்கிறார்கள். விரல்கள் திரும்பலாமாம். மகனிடம் இங்கிருந்து போனில் பேச வைத்தார்கள். "கூட்டத்துல அப்பா முகத்த எப்படிக் காட்டுவாரு? இதச் செய்யறதுக்கு நீ செத்திருக்கலாம்மா" என்றான். வைத்துவிட்டான். அவன் சின்னவன், நாளாக ஆக யோசிப்பான் என்று எழுத நினைத்தேன். எனக்குத் தெரியாததை எப்படி எழுதுவது?

உன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தேடுவார்கள், ஒருத்தி கிடைத்தால் இருவரும் கிடைத்துவிடுவோம், அதனால் வேறு வேறு ஊரில்தான் இருக்க வேண்டுமாம். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. நாம் பிரியக் கூடாதென்று அப்பா ஒரே வீட்டில் கொடுத்தார். உயிரோடு இருப்பதற்காக இவர்கள் நம்மைப் பிரித்து வைக்கிறார்கள். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் அழுகை நின்றுவிடுகிறதா?

பாப்பாவிடம் சொல்லு. பெரியம்மாவால் செருப்பை எடுத்து வர முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிய புடவையோடு வந்துவிட்டேன். அவள் கையும் அங்கேயே போய்விட்டது. இன்னொரு முறை வரைந்து அனுப்பச் சொல்லு. அதற்குள் விரல் வளர்ந்திருக்கும்.

நேற்று பக்கத்து அறைப் பெண் வேலை செய்துகொண்டே பக்திப் பாட்டு வைத்தாள். நமக்குப் பழக்கமான பாட்டுதான், சின்ன வயதிலிருந்து நான் பாடியது. என் கை தானாக முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. அவள் பயந்துபோய் அணைத்துவிட்டாள். இப்போதெல்லாம் பாட்டில்லாமல் சும்மா உட்கார்ந்து கும்பிடுகிறேன்.

எந்தத் துணை வந்தது என்று கேட்டிருந்தாய். அந்த வரியை நான் எழுதாமல் விட்ட அன்றுதான் அது வேலை செய்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்துக்கும் மேலே இடம் விட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். எல்லாம் எழுதி முடித்தாயிற்று. இப்போது திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. இனி மேலே போய் அந்த வரியை எழுதுகிறேன்.

அக்கா